பதினான்கு மாதம் விழுந்தவன்

நான் விழுவதில் கெட்டிக்காரன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொல்லும்போது காது சுடுகிறது.

பெயர் பரணிதரன். மறைமலைநகரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளன். ஒரு வளையம் முடியளவு கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். என் கண்ணைத் தாண்டி ஒரு குறைச் சாமானும் வெளியே போகாது என்று கம்பெனியில் பேச்சு. அந்தப் பேச்சு தந்த மிதப்போடுதான் ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டுக்கு ஐகிடோ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வகுப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பச்சை ரப்பர் பாய்களை விரிப்போம். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தால் கூடம் முழுக்க சாம்பார் வாசனை அடிக்கும், மூலையில் இரண்டு எச்சில் இலை ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் வந்தவர் துடைப்பம் எடுப்பார். எங்கள் ஆசிரியை ரூத் முதலில் வந்தால் அவரே பெருக்குவார்.

ரூத் செங்கல்பட்டுக்காரர். பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. புதுச்சேரியில் பதினொரு வருஷம் இந்தக் கலையைக் கற்றவர். என்னைவிட எட்டு வயது சின்னவர் என்றாலும் கூடத்துக்குள் வந்துவிட்டால் அவரை 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஜப்பானியத்தில் ஆசிரியர் என்று அர்த்தம். மரியாதை விஷயத்தில் அவர் ஒரு நூல் இறங்கமாட்டார். செருப்பை நுனி வெளியே பார்க்க வைக்க வேண்டும். பாயில் கால் வைக்குமுன் குனிந்து வணங்க வேண்டும். வகுப்பில் சேர்ந்த வரிசைப்படிதான் உட்கார வேண்டும். வயது, சம்பளம், கார் எதுவும் அங்கே எடுபடாது. ஜோடி சேர்ந்ததும் ஒருவருக்கு ஒருவர் மண்டியிட்டு வணங்க வேண்டும்.

"அது சும்மா வணக்கம் இல்ல," என்பார் ரூத். "என் உடம்ப நம்பி உங்ககிட்ட குடுக்கறேன், உங்களோடத எங்கிட்ட குடுங்க, பத்திரமா திருப்பித் தரேன்னு அர்த்தம். பொய்யா குனியறதா இருந்தா குனியவே வேணாம்."

ஐகிடோவில் போட்டி கிடையாது. ஒருவர் மணிக்கட்டைப் பிடிப்பார். மற்றவர் அந்தப் பிடியோடு சண்டை போடாமல் திரும்பி, பிடித்தவரின் நிலையைக் குலைத்து, பாயில் விழச் செய்வார். பிறகு மாற்றிச் செய்வார்கள். இதில் பிடிக்கிறவர் உண்மையாகப் பிடிக்க வேண்டும், நிலை குலைந்தால் மட்டும் விழ வேண்டும். குலையாமலே விழுந்தால் எதிரில் இருப்பவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மொத்தக் கலையும் இந்த ஒரு நேர்மையின்மேல்தான் நிற்கிறது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையை ரூத் என்னிடம்தான் கொடுத்திருந்தார். நானும் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் தை மாதத்தில் எங்கள் தொழிற்சாலையின் பொது மேலாளர் நரசிம்மன் வகுப்பில் வந்து சேர்ந்தார். ஐம்பத்து மூன்று வயது. சர்க்கரை எட்டிப் பார்த்ததால் டாக்டர் ஏதாவது உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார். "நீங்க போறீங்களே பரணி, அங்கேயே நானும் வரேனே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே மாதத்தில் கம்பெனியில் இன்னொரு பேச்சும் அடிபட்டது. குஜராத்தில் புதுத் தொழிற்சாலை வருகிறது, இங்கிருந்து பதினோரு பேரைக் குடும்பத்தோடு அனுப்பப்போகிறார்கள், பட்டியல் நரசிம்மன் கையில் இருக்கிறது என்று. என் மனைவி அனு அணுபுரத்தில் கணக்கு டீச்சர். மகன் பத்தாம் வகுப்பு. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக விருப்பமில்லை. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இப்போது சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும்.

முதல் நாளே என் லட்சணம் தெரிந்துவிட்டது. "சார், இங்க வாங்க, முன்னாடி உக்காருங்க," என்று வரிசையின் தலைமாட்டில் என் பக்கத்தில் இடம் காட்டினேன். ரூத் வரிசையின் வாலைக் காட்டினார். அங்கே எட்டாவது படிக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நரசிம்மன் சிரித்துக்கொண்டே போய் அவளுக்கு அடுத்து உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் அவருடைய செருப்பை நான் குனிந்து திருப்பி வைக்கப் போக, "அவர் செருப்ப அவரே திருப்புவார் பரணி," என்று பின்னாலிருந்து ரூத் சொன்னார். நரசிம்மன் அவசரமாக வந்து திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் எந்தச் சலுகையும் கேட்கவில்லை என்பதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் என் புத்தி போன வழியிலேயே போனது.

அன்று ஜோடி சேர்ந்தபோது அவர் மணிக்கட்டை நான் பிடித்தேன். ரூத் காட்டியபடி திரும்ப முயன்றார். தோள் இறுகி, மூச்சு அடைத்து, கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கமாக நின்றார். என் உடம்பு கடுகளவுகூட அசையவில்லை. ஆனாலும் நான் விழுந்தேன். கை பாயில் அறைந்து படீரென்று சத்தம் வரும்படி விழுந்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைப்பதைத் தடுக்க நான் யார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பதினான்கு மாதம் விழுந்தேன். அதில் ஒரு நுணுக்கமும் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் சுலபமாக விழுந்தால் சந்தேகம் வரும் என்று மூன்றில் ஒரு தடவை கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். "இப்ப விட்டீங்க சார், இடுப்ப இன்னும் தாழ்த்துங்க," என்பேன். அடுத்த தடவை பறந்து போய் விழுவேன். கம்பெனிப் பேருந்து ஓட்டுநர் தமிழ்வாணனும் எங்கள் வகுப்பில்தான் இருந்தான். செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பையன், முப்பது வயது, நல்ல வாட்டசாட்டம். நான்தான் அவனை வகுப்பில் சேர்த்தேன். அவனையும் தனியாகக் கூப்பிட்டு, "சார் வந்து புடின்னா இரும்பா புடிக்காதே, புரிஞ்சுதா?" என்று சொல்லி வைத்தேன்.

"புரியுதுண்ணே," என்றான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ரூத்துக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒருநாள் பாயைச் சுருட்டும்போது, "நீங்க ரொம்ப அழகா விழறீங்க பரணி. அவர் எப்ப கத்துக்கப் போறார்?" என்று கேட்டார். அதற்கும் பல்லை இளித்துவிட்டு வந்தேன்.

இந்த மாசி மாதம் எங்கள் கம்பெனி ஆட்கள் சிலர் குடும்பத்தோடு ஒருநாள் சுற்றுலா போனோம். காலையில் கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை, மதியம் மாமல்லபுரத்தில் சாப்பாடு என்று திட்டம். நரசிம்மனும் மனைவி பார்வதத்தோடு வந்தார். தமிழ்வாணன் வண்டி ஓட்டினான்.

இடிந்த கோட்டைச் சுவரைப் பார்த்து முடித்துவிட்டு எல்லோரும் கரைப்பக்கம் வந்தார்கள். அங்கே நாலைந்து பேர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். முனிசாமி என்று ஒரு மீன்காரர், அறுபது இருக்கும், ஒல்லியான ஆள், நரசிம்மனிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். வலை இழுத்து இழுத்துக் கை எப்படி ஆகிவிட்டது பாருங்கள் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அப்போது கணக்குப் பிரிவு தீனதயாளன் சும்மா இருக்காமல், "எங்க சாரும் லேசுப்பட்டவர் இல்லீங்க. கராத்தே கத்துக்கறார்," என்றார்.

"கராத்தே இல்ல தீனா, ஐகிடோ," என்றார் நரசிம்மன். கூச்சமும் ஆசையும் கலந்த குரல். "இதுல பலமே வேணாம். இப்ப இவர் என்னைப் புடிச்சார்னா, அவர் பலத்தை வெச்சே..." என்று சொல்லி நிறுத்திவிட்டு, மணிக்கட்டை நீட்டினார். "புடிங்களேன், எவ்வளவு பலமா வேணும்னாலும்."

அடுத்து நடக்கப்போவது எனக்குத் தெரியும். ஓடிப்போய் நடுவில் நின்றிருக்கலாம். வெயில் ஏறுது, கிளம்பலாம் சார் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் தோன்றாமல் நின்றேன்.

முனிசாமி கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பிடித்தார். நரசிம்மன் திரும்பினார், திரும்பியது அவர் மட்டும்தான். முனிசாமியின் கை நட்ட கம்பம் மாதிரி அப்படியே இருந்தது. நரசிம்மன் இடுப்பைத் தாழ்த்தினார். நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வரிசையாகச் செய்தார். தொப்பி கழன்று மணலில் விழுந்தது. சுற்றி இருபது பேர், பார்வதம் அம்மா, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நா வுட்டுடட்டா சார்?" என்று முனிசாமி மரியாதையாகக் கேட்டார்.

நரசிம்மன் முகம் சிவந்துபோனது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலாவது பாதி மானம் மிஞ்சியிருக்கும். நானோ பாய்ந்து போய், "மணல்ல கால் வழுக்குதுங்க, அதான். இப்ப பாருங்க," என்று சொல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்து, தலைகீழாகப் புரண்டு மணலில் விழுந்தேன். ஏழு வருஷப் பயிற்சியில் நான் விழுந்ததிலேயே சிறந்தது அதுதான்.

முனிசாமி என்னையும் நரசிம்மனையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி இல்லை, அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"இவுரு ஏன் சார் வுழுந்தாரு? நீங்க இன்னும் ஒண்ணியுமே பண்ணலியே," என்றார்.

அவர் சொன்னது சரி. அவசரத்தில் நரசிம்மன் கையை அசைப்பதற்கு முன்பே நான் விழுந்துவிட்டிருந்தேன். முதலில் வலைக்காரப் பெண் ஒருத்தி சிரித்தாள். பிறகு பிள்ளைகள். தீனதயாளன் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். பார்வதம் அம்மா சிரிக்கவில்லை. கணவரின் தொப்பியை எடுத்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார், தட்டி முடிந்த பிறகும் தட்டினார்.

நரசிம்மன் என் முன்னால் வந்து கையை நீட்டினார். என்னைத் தூக்கிவிட்டு, "காதெல்லாம் மணல் பாருங்க பரணி," என்று என் தோளைத் தட்டிவிட்டார். ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாமல்லபுரத்தில் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இல்லை. திரும்பும்போது ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஒளிந்துகொள்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தமிழ்வாணன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"பேஜாரா பூட்சுண்ணே. அவரு பாவம், ஒண்ணுமே பேசாம வந்துகினு கீறாரு."

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றேன். யார் மேலோ இருந்த எரிச்சல் அவன் மேல் விழுந்தது. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

வீட்டில் அனுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவர் உங்கள விழச் சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன?"

"லிஸ்ட்ல பேர் வந்துடுச்சுன்னா உன் வேலை, பையன் படிப்பு..."

"எங்க தலைல கட்டாதீங்க," என்றாள். "உங்களுக்கு பயம். அத அவர்கிட்டயே போய் சொல்லுங்க. மன்னிப்பு கேளுங்க. இல்லன்னா அந்த மனுஷன் இனிமே யாரு நல்லா இருக்குன்னு சொன்னாலும் நம்பமாட்டார்."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. நான் எடுத்துக்கொண்டது ஒரு பெரிய மனிதரின் மணிக்கட்டை மட்டுமல்ல, நம்பிக்கையையும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இதைச் செய்யாமல் இனி அந்தப் பாயில் மண்டி போட எனக்கு யோக்கியதை இல்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு முகூர்த்தம், வகுப்பு இல்லை. அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அலுவலகத்தில் எப்போதும்போலப் பேசினார், ரிப்போர்ட் கேட்டார், டீ சாப்பிட்டீர்களா என்றார். நான் வாட்ஸப்பில் மூன்று தடவை நீளமாக எழுதி மூன்று தடவை அழித்தேன். அவருடைய அறைக் கதவு வரை போய், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பினேன். உள்ளே யாரும் இல்லாத நாளிலும் திரும்பினேன்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை குஜராத் பட்டியல் வெளியானது. பதினோரு பெயர். என் பெயர் இல்லை. அறிவிப்புப் பலகை முன்னால் நின்று மூன்று தடவை படித்தேன். முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அதன் பின்னாலேயே, பாயில் புரண்டு புரண்டு வாங்கியதுதானே இது என்ற நினைப்பு வந்தது. பட்டியலில் இருந்த ராமானுஜம் என் பக்கத்தில் நின்று, "அப்பாவ எப்படி சார் அங்க கூட்டிட்டுப் போறது, டயாலிசிஸ்ல இருக்கார்," என்று யாரிடமோ சொல்வதுபோல் என்னிடம் சொன்னார். நேராக நரசிம்மன் அறைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "லிஸ்ட் பாத்துட்டு வரீங்களா?"

"ஆமா சார். நான் வந்தது..."

"உக்காருங்க பரணி. ஒண்ணு சொல்லிடறேன். உங்க பேர் எப்பவுமே அதுல கிடையாது. தரப் பிரிவுல யாரையும் எடுக்கக்கூடாதுன்னு நான் க்ளாஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே ஹெட் ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. இத உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம். நீங்க இதுக்குப் பயப்படுவீங்கன்னு எனக்குத் தோணலை."

பதினான்கு மாதம். ஒரு காரணமும் இல்லாமல்.

அவர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி கேட்டார். "ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க விழுந்ததுல எத்தனை நெஜம்?"

இதற்காகத்தான் வந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அவரே கேட்டும்விட்டார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பாதிக்கு மேல நெஜம்தான் சார்," என்றேன்.

அவர் மணிக்கட்டை விட்டார். "சரி. ஞாயித்துக்கிழமை வரேன்," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். நாற்பத்து நாலு வயது ஆள். அழுகைகூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

ஞாயிறு காலை அவர் எனக்கு முன்பே வந்து கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் உட்கார்ந்தோம், வணங்கினோம். ரூத் முதல் நாள் கற்றுத்தரும் பாடத்தையே எடுத்தார். மணிக்கட்டுப் பிடி, திரும்புதல். ஜோடி சேரச் சொன்னதும் நரசிம்மன் வரிசையின் வாலிலிருந்து எழுந்து நேராக என் முன்னால் வந்து மண்டியிட்டார். குனிந்தார். நானும் குனிந்தேன். நெற்றி பாய்க்குப் பக்கத்தில் போனபோது ரூத் சொன்ன அர்த்தம் ஞாபகத்துக்கு வந்து, என்னால் உடனே நிமிர முடியவில்லை. நிமிர்ந்தபோது அவர் காத்துக்கொண்டிருந்தார்.

பிடித்தேன். இந்தத் தடவை உண்மையாகப் பிடித்தேன்.

அவர் திரும்பினார். நான் அசையவில்லை. மறுபடி முயன்றார். பக்கத்து ஜோடிகள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, எங்களிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அவர் நெற்றியிலிருந்து வேர்வை என் கைமேல் சொட்டியது. என் முழங்கால் பழக்க தோஷத்தில் தானாக மடங்கியது.

"வேணாம் பரணி," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நில்லுங்க."

நின்றேன். அப்போதுதான் வாய் திறந்தது. மெதுவாகச் சொல்ல நினைத்தது கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"ஒண்ணுகூட நெஜம் இல்ல சார். அன்னிக்கு உங்க ரூம்லயும் பொய்தான் சொன்னேன். பயத்துல விழுந்தேன். உங்களப் பாத்து ஊரே சிரிக்கற மாதிரி பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்க."

பாயில் விழும் சத்தமெல்லாம் நின்றுபோனது. ரூத் எங்களைப் பார்த்தார், குறுக்கே வரவில்லை. நரசிம்மன் மூச்சு வாங்கினார். அவருக்கு இது தெரிந்துதான் இருந்தது என்றாலும், காதால் கேட்பது வேறு என்று அவர் முகத்தில் பார்த்தேன். பிறகு மணிக்கட்டை மறுபடி நீட்டினார்.

"புடிங்க," என்றார். "இன்னிக்குத்தான் எனக்கு முதல் நாள்."

அரை மணி நேரம் பிடித்தேன். அவர் ஒரு தடவைகூட என்னை விழ வைக்கவில்லை. கடைசியில் ஒருமுறை, களைத்துப்போய்த் தோளின் இறுக்கம் விட்டிருந்தபோது, அவர் திரும்பிய திருப்பத்தில் என் குதிகால் ஓர் அங்குலம் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. "சார், நகந்துச்சு," என்றேன். அவர் என் கண்ணை உற்றுப் பார்த்தார், நம்பலாமா என்று பார்த்தார். நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குனிந்து வணங்கினார். அதை நான்தான் சம்பாதித்தேன், யாரைக் குறை சொல்ல?

"ஜோடி மாத்துங்க," என்றார் ரூத்.

தமிழ்வாணன் வந்து என் முன்னால் மண்டியிட்டான். மனசு கனத்தாலும் ஒரு பக்கம் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனிமேல் இந்தக் கூடத்தில் பொய் கிடையாது. அந்த வேகத்தில்தான் அவனிடமும் சொன்னேன்.

"உன்கிட்டயும் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே யாரா இருந்தாலும் நெஜமா புடிக்கணும். எங்கிட்டயும்தான். புடி."

அவன் கையை நீட்டிவிட்டு அப்படியே நிறுத்தினான்.

"உங்களையாண்ணே?" என்றான். "நெசமாவா?"

அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினேன். அவன் ஒருமுறை ரூத்தைப் பார்த்தான், ஒருமுறை தரையைப் பார்த்தான். பிறகு பிடித்தான்.

நான் திரும்பினேன். ஏழு வருஷமாகத் திரும்பிய அதே திருப்பம். இடுப்பைத் தாழ்த்தினேன், தோளைத் தளர்த்தினேன், நரசிம்மனுக்கு நான் சொல்லித் தந்த எல்லாவற்றையும் செய்தேன். என் கை அவன் பிடியில் அப்படியே இருந்தது. மறுபடி செய்தேன். இன்னொரு முறை. அவன் பலத்தைக்கூடக் காட்டவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தான். இதே தமிழ்வாணன் என் கையில் வாரா வாரம் இரண்டு சுற்றுப் பறந்து போய் விழுவான். அதைப் பார்த்து நானே என் திறமையை மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

"எத்தினி நாளாடா?" என்று கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே." அவன் கண் கலங்கியிருந்தது. "நீங்கதான் இந்த வண்டி வேல வாங்கிக் குட்த்தீங்க. காண்ட்ராக்ட்டு வருசா வருசம் மாத்துறாங்க. மூணு வருசமா, மொத நாள்லேருந்து..."

அடுத்த ஜோடியில் நரசிம்மன் அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தார். எங்கள் பக்கம் அவர் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ரூத் கூடத்தின் கோடியிலிருந்து எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

தமிழ்வாணனும் அதைப் பார்த்தான். பிடியை விடாமல், தலையைக் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னான்.

"அல்லாரும் பாக்கறாங்கண்ணே. இப்ப மட்டும் வுழுந்துடட்டுமா?"

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரமும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.